சிரிப்புப் படம்: பார்க்கலாமா, கூடாதா?



"வெறும் சிரிப்புப் படந்தானே சுவாமி, இதில் என்ன பாவம்?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. சிரிப்பைத் திருச்சபை ஒருபோதும் பகைத்ததில்லை. அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் ஏந்திய ஒருவனைப் பல முறை அம்பு எய்யச் சொல்லி, "இப்படியே ஓயாமல் எய்து கொண்டிருப்பாயா?" என்று கேட்டார். "வில் முறிந்து போகுமே" என்றான் அவன். மனித மனமும் அப்படியே என்றார் அப்போஸ்தலர். இக்கதையை எடுத்துக்காட்டும் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் (1225–1274), அளவான விளையாட்டும் நகைச்சுவையும் ஒரு புண்ணியம் என்கிறார். தானும் சிரியாமல் பிறரையும் சிரிக்க விடாமல் இருப்பது குற்றமென்றும் கூறுகிறார்.

ஆனால் அதே வேதசாஸ்திரி மூன்று எச்சரிக்கைகளையும் வைக்கிறார். முதலாவது, அசுத்தமான அல்லது பிறரைப் புண்படுத்தும் சொல்லிலும் செயலிலும் இன்பம் தேடலாகாது. இரண்டாவது, சிரிப்பில் மனம் தன் நிதானத்தை முற்றும் இழந்துவிடலாகாது. மூன்றாவது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த தராசு இது. எந்தப் படத்தையும் இதில் நிறுக்கலாம்.

உதாரணத்துக்கு, நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1993-ல் அமெரிக்காவில் வெளியான 'மிஸஸ் டவுட்ஃபயர்' கதையைத் தழுவி, 1996-ல் கே. எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் வந்தது 'அவ்வை சண்முகி'. மனைவியைப் பிரிந்த தகப்பன், தன் மகளின் அருகில் இருப்பதற்காகக் கிழவி வேடம் பூண்டு அவ்வீட்டிலேயே வேலைக்குச் சேர்கிறான்.

படத்தின் நன்மையை முதலில் சொல்வதே நீதி. தகப்பனின் பாசம் உண்மையானது. சாதிப் பெருமை பேசும் மாமனாரைப் படம் பரிகசிக்கிறது. சாதிப் பெருமை நம் கோவில் வாசலுக்கு உள்ளேயும் உண்டாகையால், அந்தச் சிரிப்பு நமக்கும் உறைக்கட்டும். அமெரிக்கப் படத்தில் பிரிந்த தம்பதியர் பிரிந்தே இருக்கிறார்கள்; தமிழ்ப் படத்திலோ ஒன்று சேருகிறார்கள். மெய்விவாகம் மனிதரால் முறிக்கப்படாதது என்று விசுவசிக்கும் நமக்கு இது சிறிய வேற்றுமையன்று.

இனித் தராசின் மறுதட்டு. வயதான இருவர் அந்தப் பொய்க் கிழவியின்மேல் மையல் கொள்வதும், அதைச் சுற்றி வரும் இரட்டை அர்த்தப் பேச்சுக்களும், சேலைக்குள் இருப்பது ஆண் என்பதை வைத்துச் செய்யும் கேலியும் முதல் எச்சரிக்கையில் அகப்படுகின்றன.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் நுட்பமானது. படம் முழுதும் ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய் சொல்லப்படுகிறது. நாம் சிரிக்கும் வேகத்தில் அதைப் பொய்யென்றே எண்ணுவதில்லை. நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்யே. பெரியவர்கள் இதைப் பிரித்தறிவார்கள். ஆறு வயதுக் குழந்தையோ, "அப்பா செய்தது சாமர்த்தியம்" என்று மட்டும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, ஆள். நாகேஷ் நடித்த ஒப்பனைக்காரர் ஜோசப் குடிப்பிரியர். குடிகாரனுக்குக் கிறிஸ்தவப் பெயர் வைத்ததைப் பற்றி நான் சண்டையிடப் போவதில்லை. தகப்பன் குடித்துவிட்டு வரும் வீட்டில், கதவு தட்டும் சத்தத்துக்கே நடுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை பக்கத்தில் அமர்ந்திருக்க, திரையில் தள்ளாடுகிறவனைக் கண்டு நாம் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தால், அந்தப் பிள்ளை யாரோடு சிரிக்கும்? நம் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது பிறர்சிநேகத்தின் கடமை.

ஆகையால் என் தீர்ப்பு: வயதுவந்தோர் பார்க்கலாம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் இருந்து பார்க்கலாம். சிறு குழந்தைகளைத் தொலைக்காட்சி முன் தனியே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போவது தகாது.

அரசாங்கச் சான்றிதழ் போதாதா என்று கேட்பீர்கள். அது உதவியே. 1952-ம் ஆண்டுச் சட்டத்தை 2023-ல் திருத்தி, 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆயினும் எந்த அதிகாரியும் உங்கள் பிள்ளையை அறியார். 11-ம் பத்திநாதர் 1936-ல் சினிமாவைப் பற்றித் தந்த நிருபத்தில், விசுவாசிகளுக்கு வழிகாட்டப் படங்களைத் தரம் பிரித்து அறிவிக்கும்படி கேட்டார். 12-ம் பத்திநாதர் 1957-ல் சினிமா, வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றி எழுதினார். தரம் பிரித்த பட்டியல் எவ்வளவு நன்றாயிருந்தாலும், வீட்டுக்குள் காவல் காப்பவர் தாயும் தகப்பனுமே.

இவ்வாரம் வீட்டில் செய்ய வேண்டியது: ஏதேனும் ஒரு சிரிப்புப் படத்தைக் குடும்பமாகப் பாருங்கள். குடும்ப ஜெபத்துக்குமுன் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாம் எதைக் கண்டு சிரித்தோம்? நாம் சிரித்தபோது யாருக்காவது வலித்திருக்குமா? அதே வார்த்தையை நம் அம்மாவிடமோ தங்கையிடமோ ஒருவன் சொன்னால் சிரிப்போமா? பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும். நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன். கானாவூர்க் கலியாண வீட்டின் சந்தோஷத்தில் பங்குகொண்ட நம் ஆண்டவர், உங்கள் வீட்டுச் சிரிப்பிலும் கூட அமர்ந்திருப்பாராக.

உங்கள் பங்குக் குரு