வானவழியில் இரண்டு ஏவல்கள்

ஆகாய விமானங்கள் மனம்போனவாறு வானிற் பறப்பனவல்ல. இன்ன உயரத்தில், இன்ன திசையிற் செல்க எனத் தரையிலுள்ள அதிகாரி ரேடியோ வாயிலாக ஆணையிடுவார். விமானி அவ்வாணைவழி நிற்பார். அதிகாரியின் கண் தவறியவிடத்து இரு விமானங்கள் நெருங்குமாயின், அவற்றைக் காத்தற்கு விமானத்துள்ளேயே டீகாஸ் என்னும் கருவி ஒன்று உண்டு. அதிகாரியும் கருவியும் வேறுவேறு கூறுங்கால் விமானி யார் சொற் கேட்பது? இவ்வினா 71 உயிர்களை விலைகொண்ட பின்னரே தெளிவான விடை பெற்றது.

கருவியின் இயல்பை முதற்கண் காண்போம். அது ரேடியோ அலைகளாற் சுற்றிலும் வினவும்; பிற விமானங்களின் கருவிகள் தம் உயரத்தை விடையாக அனுப்பும். அபாயம் அணுகின், முதலில் "டிராபிக், டிராபிக்" என ஒலிக்கும். இஃது அறிவிப்பேயன்றி ஏவலன்று. அதுகேட்டு விமானி கண்ணால் தேடலாம், வழிமாறலாகாது. மோதுதற்கு ஏறக்குறைய அரை நிமிடமே எஞ்சியபோது, ஏறுக என்றோ இறங்குக என்றோ ஏவும். வலமோ இடமோ திரும்பும்படி அது கூறுவதில்லை. நம் இலக்கணத்தில் ஏவல்வினை முன்னிலைக்கே உரியது. இங்கோ முன்னிலையாவார் இருதிறத்தார். இருவருக்கும் ஒரே ஏவல் கிடைப்பின் அழிவே நேரும். ஆதலின் இரு கருவிகளும் தம்முட் செய்தி பரிமாறி, ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவும் உடன்பட்ட பின்னரே வாய்திறக்கின்றன. விமானி ஐந்து விநாடிக்குள் அதற்கு இணங்குதல் வேண்டும்.

2002-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இரவு, தென் ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகரருகே, 36,000 அடி உயரத்தில் இரு விமானங்கள் எதிர்ப்பட்டன. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா சென்ற ரஷ்ய விமானம். அதிலிருந்த 69 பேருட் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். மற்றது போயிங் சரக்கு விமானம், விமானிகள் இருவரே. ஜூரிச் நிலையத்தில் அப்பொழுது ஒருவரே இருவர் பணியை ஏற்றிருந்தார். தொலைபேசி இணைப்பும் பழுதுபார்ப்பில் இருந்தது. காலந்தாழ்த்துக் கண்ட அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். ஏழு விநாடி கழித்து அதன் கருவி ஏறுக என்றது. போயிங்கின் கருவி இறங்குக என்றது. போயிங் விமானிகள் கருவிக்குப் பணிந்தனர். ரஷ்ய விமானத்திலோ, கருவி ஏறச்சொல்வதைத் துணைவிமானி எடுத்துரைத்தும், அதிகாரி தம் ஆணையை மீண்டும் கூறவே, இறக்கமே தொடர்ந்தது. இரண்டும் ஒருங்கே இறங்கி மோதின. ஒருவரும் பிழைத்திலர்.

ரஷ்ய விமானிகளைப் பழித்தல் எளிது, ஆயினும் முறையன்று. அவர்தம் கைந்நூல் அக்கருவியைத் தரையாணைக்குத் துணையென்றே கூறிற்று. மேலும், முந்திய 2001 ஜனவரியில் ஜப்பானிலும் இவ்வாறே ஒரு விமானி கருவியை விடுத்துத் தரையாணையைப் பின்பற்ற, இரு பெரு விமானங்கள் மயிரிழையில் தப்பின, பலர் காயமுற்றனர். அவ்வெச்சரிக்கை விதியாக மாறுமுன்னரே யூபர்லிங்கன் நிகழ்ந்தது.

மனிதக் குரலினும் கருவியின் குரல் மேலானது என்பதன்று இதன் கருத்து. கருவிகள் இரண்டும் தம்முட் செய்துகொண்ட உடன்பாட்டை அதிகாரி அறியார். அறியாது அவரிடும் ஆணை அவ்வுடன்பாட்டைக் குலைத்துவிடும். 2003 நவம்பரில் சர்வதேச விதி திருத்தப்பெற்றது. தரையாணை மாறாயினும் விமானி கருவியின் ஏவலையே பின்பற்றி, அதனை ரேடியோவில் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பைக் கேட்ட அதிகாரி, அபாயம் நீங்கியதென விமானி சொல்லுமளவும் அவ்விமானத்தின் வழியை மாற்ற முற்படுவதில்லை.