திரைக்குள் ஒரு திரை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விண்வெளிப் படங்களில் நம் கண்ணைக் கவர்வன ராக்கெட்டுகள் மட்டுமல்ல. அவற்றினுள்ளே ஒளிரும் கருவித் திரைகளும்தாம். வளையங்கள் சுழல்கின்றன, எண்கள் ஓடுகின்றன, கோடுகள் கோளைச் சுற்றி வளைகின்றன. இவற்றை எவ்வாறு உருவாக்குகிறார்கள்? சற்று ஆராய்வோம்.

1968-இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் காணும் கணிப்பொறித் திரைகளைக் கணிப்பொறி வரையவில்லை. வரைபடங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர்களால் பின்புறமிருந்து திரையில் விழச் செய்தனர். 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், தாக்குதல் திட்டத்தை விளக்கும் கோட்டுப் படத்தை லாரி கூபா என்பவர் உண்மையாகவே கணிப்பொறியில் செய்தார். 1981-இன் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' படத்திலோ, கணிப்பொறி வரைந்ததுபோல் தோன்றும் நகரம், விளிம்புகளில் ஒளிரும் நாடா ஒட்டிய கறுப்பு மாதிரிக் கட்டடங்களே! கருவி எதுவாயினும் அடிப்படைகள் மூன்று எனலாம்.

முதலாவது, காலத்தைப் பகுத்தல். திரைப்படத்தில் வினாடிக்கு 24 ஃபிரேம்கள். ஒரு வளையம் 3 வினாடியில் ஒருமுறை சுழல 72 ஃபிரேம்கள் வேண்டும். 360-ஐ 72-ஆல் வகுக்க, ஃபிரேமுக்கு 5 பாகை. முதல் ஃபிரேம் 0 பாகை என்றால் 72-ஆவது ஃபிரேம் 355 பாகையில் நிற்க வேண்டும். 360-இல் நிறுத்தினால், மறுசுற்றுத் தொடங்கும்போது ஒரே நிலை இருமுறை வந்து வளையம் தயங்கும். இன்னொன்று: வளையத்தில் 72 கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்தால் அது சுழல்வதாகவே தோன்றாது! ஒவ்வொரு கோடும் அடுத்த கோட்டின் இடத்தில் போய் அமர்ந்துவிடும் அல்லவா? 12 கோடுகள் போதும்.

இரண்டாவது, வேகத்தை ஆளுதல். ஒரு கட்டம் ஓரத்திலிருந்து சீரான வேகத்தில் வந்து சட்டென நின்றால் உயிரிராது. மெல்லப் புறப்பட்டு, விரைந்து, மெல்ல நிற்க வேண்டும். அதற்கு s = 3t² − 2t³ என்ற சமன்பாடு உதவும். கால்பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் 0.156 பங்கு, அரைப்பங்கில் 0.5, முக்கால்பங்கில் 0.844. வகைக்கெழு 6t − 6t². அது இரு முனைகளிலும் சுழி. ஆகவேதான் குலுக்கல் இல்லை.

மூன்றாவது, கண்ணுக்கு வழிகாட்டல். எல்லாமே பளிச்சென அசைந்தால் எதுவும் பதியாது. கருநிறப் பின்னணியில் சுற்றியுள்ளவற்றை மங்கலாக, மெதுவாக அசையவிட்டு, கதைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் ஒளிரச் செய்ய வேண்டும். கோட்டின் மங்கிய பிரதி ஒன்றை அதன்மேலேயே கூட்டினால் ஒளிவட்டம் கிடைக்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ எனும் ஐயம் எழலாம். வேண்டியதில்லை. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரிக் கணிப்பொறியே போதும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "கணக்குப் படித்து என்ன ஆகப் போகிறாய்? வாத்தியார்தானே?" என ஊரில் கேட்கிறார்கள். ஆசிரியப் பணி உயர்ந்ததே. ஆயினும் அது ஒன்றே வழியன்று. வகுப்பில் தேர்வுக்காகப் போடும் வகைக்கெழு, திரையில் ஒரு வளையத்தை நிறுத்தவும் உதவுகிறது. இயற்பியல் நண்பர்களும் தமிழிலக்கிய நண்பர்களும் உடன்வந்தால், எண்களும் எழுத்துகளும் தமிழிலேயே ஓடும் ஒரு விண்கலத் திரையை அடுத்த கல்லூரி விழாவிற்கு நாமே படைக்கலாம். முயல்வோமா?