ஆடிக் காற்றில் இசை நீரூற்று

"எத்தனை அடி உயரம் போகும் சார்?" மண்டபக்காரரோ மால்காரரோ, இசை நீரூற்று வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்குக் காற்றைப் பற்றி விசாரிப்பேன். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வேலை செய்பவனுக்கு வேறு வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பத்தடித் தண்ணீரையும் வளைத்துவிடும். நாசிலிலிருந்து தொட்டி விளிம்புவரை எவ்வளவு தூரமோ, அதற்குமேல் உயரம் கூடாது என்பது தொழிலில் உள்ள பழைய கணக்கு. எங்கள் ஊர்களில் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். காற்று கூடினால் பம்பு வேகம் தானாகக் குறையும்படி ஒரு காற்றுமானியும் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சுற்றியுள்ள கிரானைட் தரை நனைந்து, பட்டுப்புடவையில் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.

அடுத்தது தாளம். தண்ணீர் 5 மீட்டர் ஏற ஏறக்குறைய 1 விநாடி ஆகும். 10 மீட்டருக்கு 1.4 விநாடி. தவிலில் அடி விழும் நொடியில் நீர் உச்சியில் நிற்க வேண்டுமானால், கட்டளை அவ்வளவு முன்னதாகவே போயாக வேண்டும். விளக்குக்கு இந்தத் தாமதம் கிடையாது. பாட்டைக் கேட்டுத் தானாகவே ஆடும் என்று விற்கப்படும் பெட்டிகளை நான் வாங்காததற்குக் காரணம் இதுதான்: அடி காதில் விழுந்த பிறகு கிளம்பும் தண்ணீர் எப்போதும் பிந்தித்தான் வரும். பாட்டுக்குப் பாட்டு உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதே சரி. மெலடிக்கு, பம்பு வேகத்தை ஏற்றி இறக்கும் விஎஃப்டி டிரைவ் அழகாக ஒத்துழைக்கும். குத்துப்பாட்டுக்கு அது ஈடுகொடுக்காது; பம்பு ஓடிக்கொண்டே இருக்க, சோலினாய்டு வால்வு திறந்து மூட வேண்டும். வால்வு மூடும்போது தண்ணீர் தொட்டிக்கே திரும்ப ஒரு பைபாஸ் குழாயும் தேவை. பாட்டைப் பற்றி இன்னொன்று: சினிமாப் பாட்டைப் பொது இடத்தில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும் என்பதைப் பலர் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்தான் கேள்விப்படுகிறார்கள்.

போர் தண்ணீரை அப்படியே நிரப்பாதீர்கள். உப்பு படிந்து நாசில் துளை சுருங்கும், தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும். சாஃப்ட்னரும் மணல் ஃபில்டரும் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். செலவைக் குறைக்கச் சொன்னால் பத்தடி உயரத்தை வெட்டுவேன், ஃபில்டரை வெட்டமாட்டேன்.

மின்சாரத்தில் பேரமே வேண்டாம். நீருக்கடியில் 12 அல்லது 24 வோல்ட் விளக்குகள், ஐபி68 தரம். பம்பு லைன்களுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி. குழந்தைகள் தொட்டிக்குள் கையை விடத்தான் செய்வார்கள்.

பம்பு அறையை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்குகிறார்கள். ஆள் நிமிர்ந்து நின்று ஃபில்டரைக் கழற்ற இடம் கேளுங்கள். இரவில் நீரூற்றை இயக்கப்போவது அங்குள்ள எலெக்ட்ரீஷியன். அவருக்கான பயிற்சியையும் ஒரு செட் உதிரி வால்வையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.