கொல்லையில் கட்டிய ஆடு



ஆடு வளர்ப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய காரியமல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும், உள்நாட்டில் ராவுத்தர்மார்கள் வாழும் ஊர்களிலும் கொல்லைப்புறத்தில் இரண்டு பெட்டையும் ஒரு கிடாவும் நிற்பது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. சபுராளிகள் சிலர் ஊர் திரும்பியதும் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கம்பிவேலி போட்டு, மனதுக்கு ஆறுதலாகப் பத்து ஆடு விட்டுப் பார்த்துக் கொள்கிறார்கள். வியாபாரமும் இல்லை, பெரிய இலாபமும் இல்லை, ஓர் ஆசை. இது நல்ல ஆசைதான். நாயகம் (ஸல்) அவர்கள் தம் பெரிய தகப்பனார் மகள் உம்மு ஹானீ (ரலி) அவர்களிடம் ஆடு வைத்துக் கொள்ளும்படியும், அதில் பரக்கத்து இருப்பதாகவும் கூறியது இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததைப் பெருமானாரே சொல்லியிருக்கிறார்கள்.

பரக்கத்து என்று கேட்டதும் ஆட்டை வாங்கிக் கட்டி விடுகிறோம். ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையில் நம் கழுத்தும் கட்டப்பட்டிருப்பதை நினைப்பதில்லை. மஸ்அலா கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், "ஹஸரத்! குர்பானிக்கு இந்த ஆட்டுக்குப் பல் விழுந்திருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். "என் ஆடு தின்கிற தழை யாருடையது?" என்று கேட்டு வந்தவரைக் காண்பது அரிது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கட்டிப் போட்ட பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவர் மீது வாஜிபு. இதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. கொடுக்க மறுப்பவனைக் காழி என்ன செய்வது என்பதில்தான் பேச்சு. ஷாஃபிஈ மத்ஹபில், தீனி கொடு, அல்லது விற்று விடு, அல்லது உண்ணத்தக்க பிராணியானால் அறுத்து விடு என்று காழி அவனை நிர்ப்பந்திப்பார். ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூயூஸுஃப் அவர்களின் சொல்லும் இதுவே. மற்றவர்களின் சொற்படி கோர்ட்டு நிர்ப்பந்தம் இல்லாவிட்டாலும் அல்லாஹ்விடத்தில் அவன் குற்றவாளி. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதி நமக்குத் தெரியும். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் பெருமானாரைக் கண்டு கண்ணீர் விட்டதும், அதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதற்காக உடையவரைக் கண்டித்ததும் அபூதாவூதில் இருக்கிறது.

தீனி என்றால் கையில் கிடைத்ததைப் போடுவதல்ல. வளர்ந்த ஆட்டுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 3 கிலோவாவது பசுந்தழை வேண்டும். அகத்தி, பூவரசு, வேம்பு, கொடுக்காப்புளி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் விரும்பித் தின்னும். நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். நிக்காஹ் விருந்து முடிந்ததும் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாக ஆட்டுக்குக் கொட்டுகிறார்கள். "வீணாக்காமல் வாயில்லா ஜீவனுக்குப் போட்டோமே" என்ற திருப்தி வேறு. ஆட்டின் வயிறு தழைக்கென்று படைக்கப்பட்ட வயிறு. திடீரென்று நிறையச் சோறோ தானியமோ போனால் அது உள்ளே புளித்து, வயிறு உப்பி, மறுநாள் ஆடு படுத்து விடும், மரணமும் நேரிடும். பழக்கமில்லாத ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் சோறு வைக்காதிருப்பதே நல்லது. பச்சை மரவள்ளித் தழையும் விஷமாகும். தெரிந்து கொண்டே போட்டவர் அந்த ஜீவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

பால் விஷயத்திலும் ஹக்கு உண்டு. குட்டி பிறந்ததும் முதல் சீம்பால் அதற்குச் சேர வேண்டும். அதிலேதான் நோயைத் தாங்கும் சக்தி இருக்கிறது. பிறகும் குட்டிக்குக் கேடு வரும் அளவுக்குப் பால் கறப்பது ஹராம் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மடியை முற்றாக ஒட்டக் கறக்காமல் கொஞ்சம் விட்டு வைப்பதும், கறப்பவர் நகத்தை வெட்டிக் கொள்வதும் விரும்பத்தக்கவை என்று அதே நூல்களில் காணலாம். காம்பில் நகம் பட்டால் ஆட்டுக்கு வலிக்கும் என்பதற்காக ஒரு சட்டம்! பாத்திரத்தில் புழுக்கை விழுந்தால் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கறக்கும்போது ஒன்றிரண்டு விழுந்து, கரையுமுன் உடனே எடுத்து எறிந்து விட்டால் பால் கூடும். இரு மத்ஹபிலும் இதற்கு மன்னிப்பு இருக்கிறது.

இனி, அண்டை வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். ஊர்களில் மனஸ்தாபங்களுக்கு மூலகாரணமாக இருப்பது இதுதான்.

காலையில் கயிற்றை அவிழ்த்து விட்டால் ஆடு தானே மேய்ந்து மாலையில் வந்து விடும் என்பது பலருடைய கணக்கு. தென்மாவட்டங்களில் கன்னி ஆடும் கொடி ஆடும் அதிகம். கொடி ஆட்டுக்குக் கால் நீளம். முன்னங்காலைச் சுவரில் ஊன்றிக் கொண்டு அடுத்த வீட்டு முருங்கையை எட்டி இழுக்கும். பக்கத்து வீட்டம்மா கண்ணீரோடு வந்து, போட்ட கீரைப்பாத்தி போயிற்றே என்றால், "என்ன லாத்தா, வாயில்லா ஜீவன்தானே, தின்னா தின்னுட்டுப் போவுது" என்று பதில் வருகிறது. ஜீவனுக்கு வாயில்லை, சரி. அதை அவிழ்த்து விட்டவருக்கு வாயும் அறிவும் இருக்கின்றன அல்லவா?

இப்படியொரு வழக்கைக் குர்ஆனே எடுத்துக் கூறுகிறது. அன்பியா ஸூராவில் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்கள் தீர்ப்புக் கூறிய செய்தி வருகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் அடுத்தவர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்து விட்டன. தஃப்ஸீர்களில் வரும் விபரப்படி, நஷ்டத்துக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்து விடும்படி தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள். இளம் வயதினராக இருந்த ஸுலைமான் (அலை) வேறொரு வழி கூறினார்கள். ஆடுகள் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும். அவற்றின் பால், உரோமம், குட்டி ஆகியவற்றை அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் அந்த நிலத்தில் இறங்கிப் பாடுபட்டுப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டு வரட்டும். வந்தபின் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பட்டும். ஸுலைமானுக்கு அத்தீர்ப்பை விளங்க வைத்தது தானே என்று அல்லாஹ் கூறுகிறான்.

மத்ரஸாவில் இந்தப் பாடம் ஓதிய நாளிலிருந்து ஒரு விஷயம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஆட்டுக்காரர் பணத்தைக் கொடுத்து விட்டுப் போய் விடவில்லை. தன் ஆடு தின்ற பயிரைத் தன் கையாலேயே நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. ஒரு பாத்தி கீரையை வளர்க்க எத்தனை குடம் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

நம் ஷரீஅத்தில் பராஉ பின் ஆஸிபு (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து பாழ்படுத்திய வழக்கில் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அடிப்படையாகும். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு. இரவில் பிராணியைக் காப்பது அதை உடையவர் பொறுப்பு. ஷாஃபிஈ மத்ஹபு இதன்படியே செல்கிறது: இரவில் தானாகப் புகுந்து தின்றாலும் ஆட்டுக்காரர் ஈடு கொடுக்க வேண்டும். பகலில் தானாகப் போனால் ஈடு இல்லை. ஆனால் ஆள் கூட இருந்தால் பகலும் இரவும் ஒன்றே.

"அப்படியானால் பகலில் அவிழ்த்து விடலாமே" என்று சந்தோஷப்பட வேண்டாம். மேய்ச்சல் நிலத்தை அடுத்த வயல்களுக்குரிய சட்டம் அது. வீடுகள் நெருங்கிய ஊருக்குள் ஆளில்லாமல் பிராணியை அவிழ்த்து விட்டு அது எதையாவது பாழாக்கினால், விட்டவரே பொறுப்பு என்று அதே மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. பகல், இரவு என்ற பிரிவும் ஊர் வழக்கத்தைப் பொறுத்து மாறக்கூடியது.

ஹனஃபீ மத்ஹபில் பிராணி தானாக அறுத்துக் கொண்டு போய்த் தின்றதற்கு இரவானாலும் பகலானாலும் ஈடு இல்லை என்பது உண்மை. ராவுத்தர்மார்கள் சிலர் இதைப் பிடித்துக் கொள்கிறார்கள். "தானாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓட்டி விட்டவுடன் அது நேரே போய்த் தின்றால் ஓட்டியவர் பொறுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் துருக்கியில் ஹனஃபீ மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட மஜல்லாவில், தன் பிராணி பிறர் பொருளை அழிப்பதைக் கண்டும் தடுக்காதவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பார்த்துக் கொண்டிருந்து விட்டு, மத்ஹபின் பெயரைச் சொல்வது எப்படிச் சரியாகும்? நம் நாட்டில் வெள்ளைக்காரன் 1871-ல் போட்ட கால்நடைச் சட்டத்திலும் மாட்டோடு ஆட்டையும் குட்டியையும் சேர்த்தே பவுண்டில் அடைக்கச் சொல்லியிருந்தான்.

ஆகவே, ஒன்று வேலி உயரமாக இருக்க வேண்டும். அல்லது மேய்ப்பதற்கு ஆள் வேண்டும். அல்லது தழையை ஒடித்து வந்து கட்டுத்துறையில் போட வேண்டும். மூன்றும் முடியாதவர் ஆட்டை விற்று விடுவது நல்லது. ஏற்கனவே தின்று விட்டதற்கு, அண்டை வீட்டாரிடம் போய் விலை கேட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் மனப்பூர்வமாக ஹலால் செய்திருக்க வேண்டும். அவர் மாற்று மதத்தவரானாலும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்து, வாரத்துக்கு ஆடு விடுவது. வசதியுள்ளவர் ஒரு பெட்டை ஆட்டை வாங்கி ஒரு விதவைப் பெண்ணிடம் வளர்க்கக் கொடுப்பார். ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. பல ஊர்களில் இது சர்வசாதாரணம்; ஏழைக்கு உதவி என்றும் எண்ணப்படுகிறது. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் இந்த ஒப்பந்தம் செல்லாது. கூலி இன்னதென்று தெரியவில்லை என்பதே காரணம். ஆடு சினைப்பட்டால் ஈனுவதற்கு ஏறத்தாழ 150 நாள். சினைப்படாமலும் போகலாம், ஒரு குட்டியே போடலாம், அதுவும் மழைக்காலத்தில் துள்ளுமாரி நோயில் போய் விடலாம். அந்தப் பெண் ஒரு வருஷம் தழை ஒடித்துப் போட்டதற்கு என்ன கிடைத்தது?

சரி, செல்லாத ஒப்பந்தத்தில் ஆடு விட்டாகி விட்டது, இனி என்ன? குட்டிகள் எல்லாம் ஆட்டுக்காரருக்கே சொந்தம் என்பது சட்டம். சிலர் இதுவரை கேட்டு விட்டு எழுந்து போய் விடுகிறார்கள்! சட்டத்தின் மறுபாதி இது: வளர்த்தவருக்கு, அந்த ஊரில் அவ்வேலைக்கு என்ன கூலியோ அதையும், அவர் கைப்பணம் போட்டு வாங்கிய தீவனத்தின் விலையையும் கொடுத்தாக வேண்டும். குட்டி ஒன்றும் பிழைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் பல இடங்களில் பாதிக் குட்டியை விட இது அதிகமாகவே வரும். வாரத்துக்கு இடம் தந்த இமாம்கள் ஹன்பலீ மத்ஹபில் உண்டு. நம் பகுதிகளில் நடைமுறையிலுள்ள இரு மத்ஹபின் நிலை மேலே சொன்னது.

ஆகுமான வழி ஒன்றை ஹனஃபீ நூல்களே காட்டுகின்றன. ஆட்டில் சரிபாதியை ஒரு விலை பேசி அந்தப் பெண்ணுக்குக் கடனாக விற்று விடுவது. அதன்பின் ஆடு இருவருக்கும் பொது. குட்டி, பால், நஷ்டம் யாவும் சரிபாதி. நீதான் வளர்க்க வேண்டும் என்று விற்பனையில் நிபந்தனையாகப் பேசக் கூடாது. கடனைப் பின்னர் தள்ளுபடி செய்ய நாடினால் செய்து கொள்ளலாம். அல்லது மாதக் கூலி பேசி விட வேண்டியது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சி வைத்துக் கொண்டால் பின்னால் வாய்ச்சண்டை வராது.

ஜகாத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நாற்பது ஆடு சேர்ந்து, அவையும் புல்வெளியில் மேய்ந்தே பிழைப்பவையாக இருந்தால்தான் ஆட்டுக்கு ஜகாத். தீனி போட்டு வளர்ப்பவற்றுக்கு இரு மத்ஹபிலும் இல்லை. விற்பதற்கென்றே வாங்கிய ஆடானால் அது வியாபாரப் பொருள். அதன் கணக்கு வேறு.

குர்பானிக்கென்று வளர்ப்பவர்கள் நாவைக் காத்துக் கொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் "இது குர்பானி ஆடு" என்றோ, "இதைக் குர்பானியாக்கி விட்டேன்" என்றோ உடையவர் சொன்னால் அது நேர்ச்சையாகி விடும். பிறகு அதன் இறைச்சியில் ஒரு துண்டும் அவரோ அவர் குடும்பத்தாரோ உண்ணக் கூடாது. முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அது குட்டி போட்டால் குட்டிக்கும் அதே சட்டம். பாமரர் வெறும் செய்தியாகச் சொன்னால் மன்னிப்பு உண்டு என்ற உலமாக்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் பேணுதலாக, "குர்பானி கொடுக்க நாடியிருக்கிறேன்" என்று சொல்வதே நன்று.

காது விஷயம் ஒன்று. ஆடு மாறாமலிருக்க அடையாளமாகக் காது நுனியை வெட்டி விடுகிறார்கள். காதிலிருந்து சிறு துண்டு அறுந்து போனாலும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. ஹனஃபீ மத்ஹபில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகப் போயிருந்தால் ஆகும். கீறலோ ஓட்டையோ மட்டும் இருந்து சதை போகாவிட்டால் இரண்டிலும் தடையில்லை. கழுத்தில் ஒரு கயிறோ கொம்பில் வர்ணமோ இருந்தால் போதுமே! முகத்தில் சூடு போடுவதைப் பெருமானார் (ஸல்) வன்மையாகத் தடுத்திருக்கிறார்கள். விதையடித்த கிடா குர்பானிக்கு ஆகும். வயது ஹனஃபீ மத்ஹபில் வெள்ளாட்டுக்கு ஒன்று, ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு பூர்த்தியாக வேண்டும். ஆகவே குட்டி பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

அறுக்கும் நாளில் கத்தியை ஆட்டின் கண்ணெதிரே தீட்டக் கூடாது. ஓர் ஆட்டை மற்றோர் ஆடு பார்க்க அறுப்பதும் மக்ரூஹ். இரண்டு வருஷம் ஒரே கட்டுத்துறையில் நின்ற ஆடுகளானால், அறுக்கப்படுவதை மட்டும் தனியே பிடித்துப் போய், மற்றதைக் கொட்டகைக்குள் தழை போட்டுக் கட்டி விட வேண்டும்.