எமது குடும்ப வரலாற்றை எங்கே தேடுவது?

மனிதரைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் அல்லாஹ் ஆக்கியது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்து 13ஆம் வசனத்தின் கருத்து. மேன்மை பரம்பரையில் இல்லை, இறையச்சத்திலேயே உண்டு என்பதையும் அதே வசனம் தெளிவாக்குகின்றது. ஆகவே வம்சாவளியைத் தேடுவது பெருமை பேசுவதற்கன்று. உறவை அறிந்து பேணுவதற்கே. யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய எமக்கு அது இன்னுமொரு காரணத்தாலும் அவசியமாகின்றது.

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். நகையும் பணமும் போனதைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேசுவார்கள். அவற்றுடன் அலுமாரியில் இருந்த காணி உறுதிகளும் அத்தாட்சிப் பத்திரங்களும் புகைப்படங்களும் போயின. சோனகத் தெருவில் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்த குடும்பங்கள் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு எனச் சிதறின. அதற்கு முன்னரே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஓலைச்சுவடிகளும் சாம்பலாகிவிட்டன. வீட்டிலும் நூலகத்திலும் இல்லையென்றால் எங்கே தேடுவது?

இங்கிலாந்தில் 1538இல் தோமஸ் குரொம்வெல் ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பதே அது. அதனால் அங்குள்ள பல கிராமங்களில் ஒரே தேவாலயத்தின் ஏடுகளைப் புரட்டியே குடும்பங்களைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிக் காணமுடிகின்றது. எமக்கு அப்படி ஒரே ஏடு இல்லை. எமது வரலாறு நான்கைந்து இடங்களில் பிரிந்து கிடக்கின்றது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, முதியோரின் நினைவு. பத்திரங்களைப் பின்னரும் தேடலாம்; மனிதர் அதுவரை காத்திருக்கமாட்டார்கள். 1990இல் முப்பது வயதினராக இருந்தோர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அவர்களிடம் “எமது பரம்பரை என்ன?” என்று கேட்டால் விடை வராது. “யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள்? பக்கத்து வளவு யாருடையது? ஐந்து சந்திக்கு எந்த ஒழுங்கையால் போவீர்கள்? கடையில் என்ன வியாபாரம்?” என்று கேட்டால் பெயர்கள் தாமாக வரும்.

இரண்டாவது, பிறப்பத்தாட்சிப் பத்திரம். இலங்கையின் பத்திரத்தில் தாய் தந்தையின் பெயர்களுடன் பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் நிரல் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கின்றது. மூலப் பத்திரம் தொலைந்திருந்தாலும் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம்.

மூன்றாவது, திருமணப் பதிவு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழான பதிவுகளில் மணமகன், மணமகள், வலீ ஆகியோரின் விபரங்கள் உள்ளன. ஆனால் பழைய பதிவுகளில் மணமகளின் கையொப்பம் இல்லை. அவளுக்காக வலீயே ஒப்பமிட்டார். வாய்மொழி வம்சாவளியும் பெரும்பாலும் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்றே ஏறுகின்றது. பெண்கள் எங்கே?

அவர்களை நான்காவது இடமாகிய காணி உறுதியில் காணலாம். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதுவது எமது ஊர் வழக்கம். அத்தகைய உறுதியில் கொடுத்தவர், பெற்ற மகள், காணியின் பெயர், அதன் பரப்பளவு, நான்கு எல்லைகளிலும் உள்ள காணிக்காரரின் பெயர்கள் ஆகியன இருக்கும். கொடுத்தவருக்கு அக்காணி எவ்வழியில் வந்தது என்பதும், முந்திய உறுதியின் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்து ஏறினால் உம்மா, உம்மம்மா, அவரின் உம்மா எனத் தாய்வழி தொடர்கின்றது. நொத்தாரிசு உறுதியின் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டமாதலால், வீட்டில் இருந்த உறுதி அழிந்தாலும் அங்கே தேட வழியுண்டு. பழைய உறுதிகளை வாசிக்கும்போது அளவுகளும் தெரிந்திருக்கவேண்டும்: 18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர்.

ஐந்தாவது, மையவாடியின் மீசான் கற்களும் பள்ளிவாசலின் ஏடுகளும். இங்கே ஓர் எச்சரிக்கை: முகைதீன், மொஹிதீன், முஹியித்தீன் என ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டிருக்கும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லாமையால் ஒரே பெயரில் பலரும் இருப்பர். தந்தையின் பெயரும் காணியின் பெயரும் ஒத்துவந்தாலே ஒருவர் எனக் கொள்ளவேண்டும்.

கிடைத்ததைச் சோதிப்பது எப்படி? நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்ற கணக்கை இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் தருகின்றார். உதாரணமாக, இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார்; அம்மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதியுள்ளார். முஸ்லிம் உலகத்துடன் யாழ்ப்பாண அரசு கொண்டிருந்த தொடர்பு பழமையானது என்பதற்கு இது சான்று. ஆனால் “எங்கள் மூதாதை அக்காலத்தில் வந்தவர்” என்று ஒரு குடும்பம் சொன்னால், இடைப்பட்ட ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு இருபது பெயர்கள் வேண்டும். ஏழு பெயர்களே தெரியுமாயின், அக்குடும்பத்தின் வரலாற்றை ஏழு பெயர்வரையே எழுதவேண்டும். உசனிலும் நல்லூரிலும் இருந்து பின்னர் சோனகத் தெருவுக்கு வந்தோம் என்ற வழிவழிச் செய்தியையும் செய்தி என்றே குறிக்கவேண்டும். சான்றையும் செய்தியையும் கலக்காமல் எழுதுவதே ஆய்வு.

1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிமாகவும் பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் போன்றோரின் வாழ்க்கை நூல்களில் உண்டு. தையல் கடையும் இரும்புக்கடையும் நடத்தியவர்களின், அவர்களுக்குச் சமைத்துப் பிள்ளை வளர்த்தவர்களின் வாழ்க்கையை அவர்களது வீட்டார்தான் எழுதவேண்டும்.

மாணவியரே, அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து ஒரு பக்கத்துக்கு ஒருவராக எழுதத் தொடங்குங்கள். பெயர், பிறந்த இடம், வாழ்ந்த வளவு, இடம்பெயர்ந்த வழி, இதைச் சொன்னவர் யார், சொன்ன திகதி ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு பிரதியை வேறூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். முதல் பக்கத்தை உம்மம்மாவுக்கு ஒதுக்குங்கள்.