இரவாடிகளுக்கான ஒளி

கதிரவன் மறைந்த பின்னரே சில உயிர்களுக்குப் பொழுது விடிகிறது. வௌவால், தேவாங்கு, ஆந்தை முதலியன பகலில் உறங்கி இரவில் இரைதேடும் இரவாடிகள். உயிரியல் பூங்காக்களோ பெரும்பாலும் பகலில் திறந்திருப்பவை. காண வருவோர் விழித்திருக்கும் வேளையில் இவ்வுயிர்கள் உறங்குகின்றன. இம்முரண்பாட்டைத் தீர்க்கப் பூங்காக்கள் ஒளியைத் துணைக்கொள்கின்றன.

பகலை இரவாக்கல்

நியூயார்க் நகரின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் 1969ஆம் ஆண்டு ‘இருள் உலகம்’ என்னும் கூடம் திறக்கப்பட்டது. அங்கு இரவில் விளக்குகள் ஒளிர்ந்தன. பகலில் மங்கிய ஒளியே இருந்தது. உயிர்களின் உடற்கடிகாரம் ஒளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆதலால், விலங்குகள் சிறிது சிறிதாகப் புதிய பொழுதுக்குப் பழகிப் பகலில் நடமாடின. இத்தகைய கூடங்களில் விளக்குகளைத் திடீரென அணைத்தல் கூடாது. அந்தி மயங்குவதுபோல் படிப்படியாகக் குறைத்தலே நன்று.

எந்த நிறம்? எவ்வளவு?

முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸ் அளவைக்கூட எட்டுவதில்லை. நல்ல வெளிச்சமுள்ள வகுப்பறையிலோ சில நூறு லக்ஸ் ஒளி இருக்கும். இரவாடிகளின் விழித்திரையில் குச்சி செல்கள் மிகுதி. அவை மிகக் குறைந்த ஒளியையும் உணரும். ஆனால், செந்நிற ஒளியை அரிதாகவே உணரும். எனவே, நாம் காணப் போதுமான செவ்வொளி அவற்றுக்கு ஏறத்தாழ இருளாகவே தோன்றும்.

நீல ஒளி நிலவொளியை நினைவூட்டுவதால், அதனையும் பல பூங்காக்கள் விரும்பின. ஆனால், உடற்கடிகாரத்துக்குப் பொழுதை உணர்த்தும் விழித்திரைச் செல்கள் நீல ஒளிக்கே மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. இருளில் சுரக்கும் மெலடோனின் அவ்வொளியில் குறைகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து உயிரியல் பூங்காவில் தேவாங்கின் உறவினங்களை ஆராய்ந்தபோது, அவை செவ்வொளியைவிட நீல ஒளியில் குறைவாகவே இயங்கியமை தெரியவந்தது. மனிதக் கண்ணுக்கு இரவாகத் தோன்றிய ஒளி, அவ்வுயிர்களுக்கு இரவாக அமையவில்லை.

ஒரு கிவியும் ஒரு நாடும்

கிவி, நியூசிலாந்தின் அடையாளமாகப் போற்றப்படும் இரவாடிப் பறவை. அமெரிக்காவின் மயாமி உயிரியல் பூங்காவில், கட்டணம் செலுத்திய பார்வையாளர்கள் பேரொளியின்கீழ் ஒரு கிவியைத் தொட்டுத் தடவும் காட்சி 2023ஆம் ஆண்டு வெளியானது. நியூசிலாந்து மக்கள் கொதித்தெழுந்தனர். பூங்கா மன்னிப்புக் கேட்டு, அந்நிகழ்ச்சியை நிறுத்தியது. அப்பறவைக்கு உணவும் உறைவிடமும் குறைவின்றிக் கிடைத்திருக்கலாம். எனினும், அதற்குரிய இருள் அவ்வேளையில் பறிக்கப்பட்டது.

காண்போர் கடமை

மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இதனை உணர்ந்தே, நன்கு வடிவமைக்கப்பட்ட கூடங்கள் ஒளி மெல்லக் குறையும் நடைபாதையை நுழைவாயிலில் அமைக்கின்றன. ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று கைபேசி விளக்கை ஏற்றாமல், சற்றே பொறுத்திருந்தால் கிளையில் மெல்ல நகரும் தேவாங்கு தென்படும். உள்ளே வாழும் உயிருக்கு ஏற்றவாறு ஒளியை அமைப்பது பூங்காவின் பொறுப்பு. அவ்வொளியில் காணப் பழகுவது நம் கடமை.