ஆறிய அக்கியும் ஆறாத எரிச்சலும்

கேள்வி: என் தாயாருக்கு அக்கி வந்து, கொப்புளங்கள் ஆறி எட்டு மாதங்களாகியும், விலாப்புறத்தில் புடவை உரசினாலே எரிகிறது என்கிறார். தோலில் ஒன்றுமில்லை. இது மனப்பிரமையா?

பதில்: பிரமை அன்று, தங்கள் தாயார் சொல்வது முற்றிலும் மெய், அதை முதலில் வீட்டார் நம்பவேண்டும். பால்யத்தில் சின்னம்மையை உண்டாக்கிய அதே கிருமி, முதுகுத்தண்டின் அருகேயுள்ள நரம்புக் கணுக்களில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, தேகபலம் குன்றிய காலத்தில் விழித்து, நரம்பின் வழியே தோலை அடைவதே அக்கி. கொப்புளம் உதிர்ந்த பின்னும், அக்கிருமி சிதைத்த நரம்பு எவ்விதத் தூண்டுதலுமின்றித் தானாகவே வேதனைச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இடைவிடாத இச்செய்திகளைப் பெறும் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள், நாளடைவில் தம் சுபாவமே மாறி, அற்ப சமிக்ஞையையும் பன்மடங்கு பெருக்கி மூளைக்கு அனுப்பவும், ஸ்பரிசத்தை மட்டும் அறிவிக்கவேண்டிய நரம்பிழைகளின் செய்தியையும் வலியாகவே கொள்ளவும் தலைப்படுகின்றன. காயத்திற்குப்பின் முதுகுத்தண்டே இவ்வாறு கூருணர்ச்சி அடைவதை 1983-ல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்னும் விஞ்ஞானி எலிகளிடம் பரிசோதித்து நிரூபித்தார்.

சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் பயன்படாமற் போவதும் இதனாலேதான். காபாபென்டின், பிரீகாபலின், சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் முதலிய, நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்துகளுள் தக்கதை, வயதையும் சிறுநீரகத்தின் நிலையையும் கருதி, வைத்தியர் படிப்படியாக ஏற்றிக் கொடுப்பார். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று யாரேனும் சொன்னால் தாயார் மனம் நோகவேண்டாம். இங்கே அது நரம்புக்காகவே தரப்படுகிறது. எரிச்சல் தணியும்வரை மெல்லிய பருத்திச் சேலையே உடுத்தட்டும்.